சனிக்கிழமை மாப்பிள்ளை

1

பங்குனி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஆறு ஐம்பதுக்கு எங்கள் வீட்டு மணி அடித்தது. நான் அடுப்பில் பால் வைத்திருந்தேன். லண்டனில் சொல்லாமல் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவதில்லை. போனாலும் அந்த நேரத்தில் போவதில்லை. ஊரில் அந்த நேரத்துக்குப் படலையைத் தட்டுகிறவர் செத்தவீடு சொல்ல வந்தவராக இருப்பார். எனக்கு முதலில் வந்த நினைப்பும் அதுதான். எங்கள் வீட்டுச் சாவு ஆறு மாதத்துக்கு முன்பே வந்துபோய்விட்டது என்பது அடுத்தபடியாகத்தான் நினைவுக்கு வந்தது.

கதவைத் திறந்தேன். ஒரு ஆணும் ஒரு பெண்ணும் நின்றார்கள். கறுப்பு மேலங்கி, கழுத்தில் அட்டை. தெருவில் ஒரு வெள்ளை வான் எஞ்சினை நிறுத்தாமல் நின்றது. குடிவரவு அலுவலகத்திலிருந்து வருகிறோம் என்று அந்தப் பெண் சொன்னாள். சில கேள்விகள்தான், கவலைப்பட ஒன்றுமில்லை என்றாள்.

நான் அப்டன் பார்க்கில் ஒரு டொக்டரின் வரவேற்பு மேசையில் எட்டு வருடமாக இருக்கிறேன். கவலைப்பட ஒன்றுமில்லை என்று நாங்கள் எப்படிப்பட்டவர்களுக்குச் சொல்கிறோம் என்பது எனக்குத் தெரியும். இரத்தப் பரிசோதனை நன்றாக வந்தவர்களுக்கு நாங்கள் போன் எடுப்பதே இல்லை.

சப்பாத்தோடு உள்ளே வந்தார்கள். அந்த ஆண் வாசலில் நின்று எங்கள் செருப்புத் தட்டைப் பார்த்தான். என் கணவரின் பழைய சப்பாத்து, என் செருப்பு, மகள் துஷ்யந்தியின் இரண்டு சோடிகள். இவ்வளவு நேரம் பார்க்க அதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். அதில் இல்லாததைத்தான் அவன் பார்த்தான் என்பது மத்தியானம்தான் எனக்கு உறைத்தது.

2

யாழ்ப்பாணத்தாருக்கு நான் இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்களில் கலியாணத்துக்கு இரண்டு படி உண்டு. முதலில் எழுத்து. பதிவுகாரர் முன்னால் இரண்டு பேரும் கையெழுத்து வைப்பார்கள், மோதிரம் மாற்றுவார்கள், வந்தவர்களுக்குச் சாப்பாடு. சட்டப்படி அன்றைக்கே புருசன் பெண்சாதி. ஆனால் நாள் பார்த்துத் தாலி கட்டும்வரைக்கும் பெண் தன் வீட்டில், மாப்பிள்ளை தன் வீட்டில். இடையில் ஒரு மாதமும் ஆகலாம், ஒரு வருடமும் ஆகலாம். இதில் ஒருவரும் குறை காண்பதில்லை. அதற்கு முன் ஒன்றாக இருந்தால்தான் ஊர் கதைக்கும்.

எங்கள் மருமகன் பாலாஜி திருச்சிப் பக்கம். துஷ்யந்தி வங்கி வேலையாக மூன்று மாதம் சென்னையில் நின்றபோது பழக்கம். எனக்கு முதலில் பிடிக்கவில்லை. பெடியன் வேறு நாடு, வேறு பேச்சு. பிறகு அவர் குணத்தைப் பார்த்துப் பிடித்துக்கொண்டது. சென்னையில் என் தங்கை வீட்டில் எழுத்து முடித்தோம். ஐப்பசியில் லண்டன் கோயிலில் தாலிகட்டு என்று மண்டபமும் பிடித்தாயிற்று. நாங்கள் நெதர்லாந்தில் பதினொரு வருடம் இருந்துவிட்டு இங்கே வந்தவர்கள். மகளுக்கு அந்த நாட்டுப் பாஸ்போர்ட். ஐரோப்பியச் சட்டத்தில் அதனால் அவள் புருசனுக்கு இங்கே வதிவிட உரிமை சுலபம், முதலில் விசிட்டர் விசாவில் வரட்டும், மிச்சத்தை இங்கே வைத்துச் செய்யலாம் என்று எல்லாரும் சொன்னார்கள். அந்த எல்லாரும் யார் என்று இப்போது கேட்டால் ஒருவரையும் காணோம்.

பாலாஜி புரட்டாசியில் வந்து இறங்கினார். இரண்டு கிழமைக்குள் ஊரில் என் மாமனார் செத்துப்போனார்.

அது சண்டையால் யாழ்ப்பாணத்துக்குப் போகிற ஏ-ஒன்பது பாதை பூட்டியிருந்த வருடம். என் கணவர் மூத்த மகன். கொள்ளி வைக்க வேண்டியவர். கொழும்புக்குப் போனாலும் அங்கிருந்து அசைய முடியாது என்று எல்லாப் பக்கமும் சொல்லிவிட்டார்கள். போன் காட் மூன்றைச் சுரண்டிச் சுரண்டி ஒரு செத்தவீட்டை இவர் காதால் கேட்டார். பறைச் சத்தம் கேட்டது என்றார். பிறகு இணைப்பு அறுந்துவிட்டது.

அதற்குப் பிறகு இவர் ஒரு பேச்சுத்தான் பேசினார். வருடம் திரும்பி ஆட்டைத் திவசம் முடியும்வரைக்கும் இந்த வீட்டில் நல்ல காரியம் இல்லை. நானும் ஓம் என்றேன். ஒரு வருடம்தானே என்றுதான் நினைத்தேன். பாலாஜியின் கடவுச்சீட்டில் இருந்த முத்திரை ஆறு மாதம் என்பதை அந்த நேரத்தில் ஒருவரும் யோசிக்கவில்லை.

3

மாப்பிள்ளையை வடக்கு லண்டனில், எட்மண்டனில் என் பெரியண்ணை வீட்டில் விட்டோம். அண்ணிக்கும் அண்ணைக்கும் பிள்ளைகள் இல்லை, மேல் அறை சும்மா கிடந்தது. சனிக்கிழமைகளில் பின்னேரம் நாலு மணிக்கு அவர் ஈஸ்ட் ஹாமில் எங்கள் வீட்டுக்கு வருவார். சாப்பிடுவார். துஷ்யந்தியும் அவரும் முன் அறையில் இருந்து கதைப்பார்கள், நான் கதவைச் சாத்துவதில்லை. ஒன்பது மணிக்கு அவரே எழும்பி, வாசலுக்கு முகம் பார்க்க விட்டிருந்த சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு போய்விடுவார்.

இந்த ஏற்பாடு அவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

"எங்க ஊர்ல முதல்ல தாலி, அப்புறம் சாவகாசமா ரிஜிஸ்டர் பண்ணுவோம் அத்தை. இங்க கவர்மென்டுக்கு நான் புருஷன், உங்களுக்கு நான் கெஸ்டு."

பெரியண்ணை அதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தம்பி, நீர் எங்களுக்குக் கெஸ்டும் இல்லை. லொட்ஜர். அதுவும் வாடகை தராத லொட்ஜர்."

எங்கள் பேச்சு வேறு அவரை மாட்டிவிடும். துஷியோட நேற்று ரொம்ப நேரம் பேசிட்டிருந்தேன் என்று ஒருநாள் இவரிடம் சாதாரணமாகச் சொன்னார். எங்களுக்குப் பேசுவது என்றால் ஏசுவது. என் பிள்ளைக்கு இவர் என்னத்துக்குப் பேசுகிறார் என்று என் கணவர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார். விளங்கியபிறகு எல்லாரும் சிரித்தோம். அந்தச் சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் சிரிப்பு இருந்தது. செத்தவரின் படத்துக்கு முன்னால் விளக்கும் எரிந்தது.

மாசி மாதத்தில் லோயரிடம் போனோம். இல்பேர்டில் அலுவலகம் வைத்திருக்கிற குஜராத்திப் பெண்மணி. வதிவிட விண்ணப்பம் போட்டுக் கடவுச்சீட்டும் அதனோடு போய்விட்டது. அதன் முடிவு வர மாதக்கணக்கு ஆகும். அதற்குள் விசிட்டர் விசா முடிந்துவிட்டால் ஒருவர் ஒன்று சொல்ல இடம் கொடுக்கக் கூடாது என்று, அதையும் நீட்டித் தரச் சொல்லி அவ இன்னொரு விண்ணப்பம் போட்டா. எல்லாவற்றையும் விசாரித்தா. இரண்டு பேரும் சேர்ந்துதான் இருக்கிறார்களா என்று மட்டும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அவவுக்குத் தோன்றவில்லை. சொல்ல வேண்டும் என்று எங்களுக்கும் தோன்றவில்லை.

4

அந்தச் செவ்வாய்க்கிழமை, அவர்கள் எங்களை வெவ்வேறு அறைகளில் வைத்துக் கேட்டார்கள். துஷ்யந்தி மேலே, நான் குசினியில். இவர் வயரிங் வேலைக்கு ஐந்தரைக்கே போய்விட்டார்.

மேலே நடந்ததை மகள் பிறகு சொன்னாள். அலுமாரியைத் திறந்து காட்டச் சொன்னார்களாம். ஒற்றைக் கட்டிலைப் பார்த்தார்களாம். உன் கணவர் காலையில் என்ன சாப்பிடுவார் என்று அந்த ஆண் கேட்டானாம். இவள் யோசித்துவிட்டு, தெரியாது, அவர் காலையில் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை என்றாளாம். உள்ளதைத்தான் சொன்னாள். அவரைக் காலையில் பார்க்கிற பாக்கியத்தை நாங்கள் அவளுக்குக் கொடுத்திருக்கவில்லை.

குசினியில் அந்தப் பெண் என்னிடம் மரியாதையாகத்தான் கேட்டாள். பால் பொங்கப் பார்த்ததைக் கண்டு அடுப்பை அவளே குறைத்தாள். உங்கள் மருமகன் இங்கே வசிக்கிறாரா என்றாள்.

எனக்கு ஆங்கிலம் நன்றாக வரும். ஊரில் மகளிர் கல்லூரியில் படித்தவள், ஏ லெவல் முடித்தவள். எட்டு வருடமாக அந்த மொழியிலேயே சம்பளம் வாங்குகிறேன். ஆகவே தடுமாறாமல், நிமிர்ந்து நின்று சொன்னேன். இல்லை, அவர் எட்மண்டனில் இருக்கிறார். சனிக்கிழமைகளில் மட்டும் வருவார். கலியாணம் எழுதிய நாளிலிருந்து இன்றைக்குவரை இரண்டு பேரும் ஒரு இரவுகூட ஒரு கூரையின் கீழ் இருந்ததில்லை. நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் விசாரிக்கலாம். நாங்கள் அப்படிப்பட்ட குடும்பம்.

அவள் பேனாவை நிறுத்திவிட்டு என்னை ஒருதரம் பார்த்தாள். ஒரு இரவுகூட இல்லையா என்று கேட்டாள்.

ஒரு இரவுகூட இல்லை என்றேன். பிள்ளைக்கு நற்சான்றிதழ் கொடுக்கிற மாதிரி.

அவர்கள் போனபிறகும் நான் சந்தோசமாகத்தான் இருந்தேன். வேலைக்குப் போய் மேசையில் இருந்தேன். மத்தியானம் லோயர் போன் எடுத்தா. நான் சொன்னதை எல்லாம் கேட்டா. பிறகு மெதுவாகச் சொன்னா: ஒரு பெண்ணும் ஆணும் கலியாணம் எழுதிவிட்டு இரண்டு வீட்டில் இருக்கிறார்கள், ஆணின் விசா முடிகிறது. இதற்கு அவர்களிடம் ஒரு பெயர்தான் இருக்கிறது. பொய்க் கலியாணம். அதற்குச் சாட்சி பெண்ணைப் பெற்ற தாய்.

மேசைக்கு முன்னால் ஒரு கிழவர் மருந்துச் சீட்டுக்காக நின்றுகொண்டிருந்தார். அவருடைய பெயரை இரண்டு தரம் கேட்டேன். பிறகும் தவறாக அடித்தேன்.

5

நீட்டிப்பு இல்லை என்று பதில் வந்தது. வதிவிட விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது; அதுவரைக்கும் ஒவ்வொரு வியாழக்கிழமையும் லண்டன் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் உள்ள அலுவலகத்தில் வந்து கையெழுத்து வைக்க வேண்டும் என்று பாலாஜிக்குக் கடிதம் வந்தது. கையெழுத்து வைக்கப் போகிறவர்களைச் சிலவேளை அங்கேயே பிடித்து வைத்துக்கொள்வார்கள் என்று லோயர் சொல்லி வைத்தா. எப்போது, யாரை என்று சொல்ல ஏலாது.

அவரை இப்போதே வீட்டுக்குக் கூட்டி வாருங்கள் என்றும் அவ சொன்னா. அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் சண்டை வந்தது. சனிக்கிழமை, பாலாஜியும் இருந்தார்.

துஷ்யந்தி தான் எட்மண்டனுக்குப் போகிறேன் என்றாள். இவர் சோற்றுக் கோப்பையிலிருந்து கையை எடுக்காமல், ஐயாவின் ஆட்டைத் திவசம் முடியட்டும் என்றார். அவள் எங்களோடு பாதி ஆங்கிலத்தில்தான் கதைப்பாள். அன்றைக்கு முழுத் தமிழில் சொன்னாள்.

"அப்பா, அவையளிட்ட எங்களுக்குக் குடுக்க ஒரு வருசம் இல்லை."

"ஐயாவுக்கு நான் கொள்ளி வைக்கேல்லை," என்றார் இவர். "முகம் பாக்கேல்லை. ஒரு வருசம் பொறுத்திருக்கவும் ஏலாதெண்டா நான் என்ன மகன்?"

பாலாஜி, பரவால்ல மாமா, விடு துஷி என்றார். அப்போது அவள் டச்சுக்கு மாறினாள். சின்ன வயதில் பள்ளிக்கூடத்துச் சங்கதிகளை எங்களிடம் ஒளிக்கப் பழகிய மொழி. நாங்களும் அதைப் படித்துக்கொண்டபிறகு லண்டனில் மற்றவர்களிடம் ஒளிக்க உதவுகிற மொழி. புருசனுக்கு விளங்கக் கூடாது என்பதற்காக அதில் சொன்னாள். அவரை அனுப்பினால் நீங்கள் இரண்டு பேரை அனுப்புகிறீர்கள் என்று சொன்னாள். எங்களுக்கு விளங்கியது. பாலாஜி எங்கள் மூன்று பேரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்பது மணியாகவில்லை, எழும்பிவிட்டார்.

வியாழக்கிழமைகளில் அவர் உள்ளே போகும்போது துஷ்யந்திக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்புவார். வெளியே வந்ததும் இன்னொன்று. அந்த இரண்டாவது வந்ததும் அவள் எனக்கு ஒரு வெறும் புள்ளியை அனுப்புவாள். புள்ளி வந்தால் மாப்பிள்ளை தெருவில் நிற்கிறார் என்று அர்த்தம். நான் மேசைக்குக் கீழே போனை மடியில் வைத்துக்கொண்டு டொக்டரைப் பார்க்க வந்த வருத்தக்காரருக்கு நேரம் கொடுத்துக்கொண்டிருப்பேன். சித்திரை முழுதும் புள்ளி வந்தது.

வீட்டில் எங்கள் நடமாட்டமே மாறியது. தெருவில் வான் நின்றால் இவர் திரையை விலக்கிப் பார்ப்பார். தபால் பெட்டி சத்தம் போட்டால் ஒருவரும் முதலில் போக மாட்டோம். ஹை ஸ்ட்ரீட்டில் மரக்கறிக் கடையில் நிற்கும்போது, உங்கட வீட்டுக்குப் பொலிஸ் வந்ததாமே என்று ஒரு பெண் கேட்டா. எந்தக் கதைக்குப் பயந்து பிள்ளையைப் பிரித்து வைத்தேனோ, அதைவிடப் பெரிய கதை எனக்கு முன்னால் கடைவரைக்கும் வந்துவிட்டது.

6

வைகாசியில் ஒரு வியாழக்கிழமை புள்ளி வரவில்லை.

பத்து மணிக்கு வர வேண்டியது. ஏதும் வரிசை நீளமாக இருக்கும் என்றிருந்தேன். பதினொன்றுக்கு துஷ்யந்தியே போன் எடுத்தாள். உள்ளே போன செய்தி வந்தது, வெளியே வந்த செய்தி வரவில்லை என்றாள்.

விமான நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள தடுப்பு முகாமில் வைத்திருந்தார்கள். வதிவிட விண்ணப்பம் மறுக்கப்படப் போகிறது என்றும், அது வந்தவுடன் விமானத்தில் ஏற்றக்கூடும் என்றும் லோயர் சொன்னா. ஒருதரம் அப்படி ஏற்றிவிட்டால், பொய்க் கலியாணம் என்ற பெயரோடு அவர் திரும்ப வருவது கனவு.

சனிக்கிழமை நாங்கள் மூன்று பேரும் பார்க்கப் போனோம். படம் எடுக்கிற போன்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். நான் கட்டிக்கொண்டு போன சோற்றுப் பெட்டியை உள்ளே விடவில்லை. அவர் முகம் வழிக்காமல் வந்து முன்னால் இருந்தார். எப்போதும் பகிடி விடுகிறவர் அன்றைக்கு ஒன்றும் விடவில்லை. பக்கத்துக் கட்டில்காரன் இரவில் அழுகிறான் என்றார். விமானச் சத்தம் பழகிவிட்டது என்றார். துஷ்யந்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எங்களுக்கு முன்னால் அவள் அப்படிச் செய்தது அதுதான் முதல் தரம். நான் வேறு பக்கம் பார்க்கவில்லை.

சந்திப்பு ஒன்பது மணிவரைக்கும். காவலாளி வந்து சொல்வதற்கு முன்பே பாலாஜி சுவர் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு எழும்பினார். சனிக்கிழமைப் பழக்கம். என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார்.

காரில் திரும்பும்போது துஷ்யந்தி பின் இருக்கையில் இருந்து சொன்னாள், இனி தான் எங்களோடு சண்டை பிடிக்கப் போவதில்லை என்று. சென்னையில் தன் வங்கிக் கிளையில் இடம் கேட்டுவிட்டாளாம். அவரை எந்த நாள் ஏற்றுகிறார்களோ, அடுத்த நாள் தானும் ஏறுவாளாம். கோபமே இல்லாத குரல். அவளைப் பெற்ற நாளிலிருந்து நான் கேட்டுப் பயந்த குரல் அது ஒன்றுதான்.

7

செவ்வாய்க்கிழமை லோயர் வீட்டுக்குப் போன் எடுத்தா. மேலதிகாரி ஒருவரோடு கதைத்திருக்கிறாவாம். எழுத்து, தாலி, சாவு, அதன் தீட்டான துடக்கு எல்லாவற்றையும் எங்கள் கோயில் குருக்களிடம் விளக்கமாக எழுதி வாங்கிக் கொடுத்திருக்கிறாவாம். அவர்கள் நம்பினார்கள் என்று இல்லை, யோசிக்கிறார்கள். மனைவியின் விலாசத்தில், மனைவியோடு வசிப்பதென்றால் தற்காலிகமாக விடுவார்கள். அந்த வீட்டுக்காரர் இப்போதே சம்மதம் சொல்ல வேண்டும்.

நான் போனைக் கையால் பொத்திக்கொண்டு இவரிடம் சொன்னேன். இவர் வேலைக்குப் போகவில்லை. இரண்டு நாளாகச் சின்ன அறையில், தகப்பனின் படத்துக்கு முன்னால் கதிரை போட்டு இருந்தார். படத்தைப் பார்த்தார். திவசத்துக்கு இன்னும் நாலு மாதம் இருந்தது.

"ஓம் எண்டு சொல்லு," என்றார்.

நான் போனைப் பொத்தியபடியே நின்றேன். துடக்கு என்று கேட்டேனோ, வாய்க்குள் நினைத்தேனோ தெரியாது.

"துடக்கு எனக்கு. பெடியனுக்கு இல்லை."

ஓம் என்று லோயரிடம் சொன்னேன். இது விடுதலை இல்லை, தற்காலிகம் என்று அவ இரண்டு தரம் சொன்னா. வியாழக்கிழமைகள் தொடரும். காலையில் திரும்பவும் மணி அடிக்கலாம். முடிவு எந்தப் பக்கமும் விழலாம். இதை எழுதுகிற இன்றைக்கும் விழவில்லை.

மகள் அவரைக் கூட்டிவரப் போனாள். இவர் சின்ன அறையிலிருந்து படத்தைக் கழற்றி முன் அறையில் மாட்டினார். விளக்கையும் கொண்டுபோனார். பிறகு துஷ்யந்தியின் ஒற்றைக் கட்டிலைப் பிரித்து அந்தச் சின்ன அறைக்குள் அடுக்கிவிட்டு, எங்கள் பெரிய கட்டிலை இழுத்துக்கொண்டுபோய் அவளுடைய அறையில் போட்டார். நாங்கள் எங்கே படுப்பது என்று நான் கேட்கவில்லை. நான் தலையணை வைத்தேன். இரண்டு வைத்தேன். ஒன்றை எடுத்தேன். பிறகு திரும்பவும் வைத்துவிட்டு அறையை விட்டு வெளியே வந்துவிட்டேன்.

மணி அடித்தபோது முதலில் திரையை விலக்கி, தெருவில் வான் நிற்கிறதா என்று பார்த்தேன். இனி இந்த மணிக்கு அப்படித்தான் போலிருக்கிறது.

துஷ்யந்தி முன்னால், பாலாஜி பின்னால். கையில் ஒரு கண்ணாடிப் பிளாஸ்டிக் பை. அதற்குள் ஒரு சேர்ட், பல்துலக்கி, பெல்ட், அவருடைய பழைய நொக்கியா. மெலிந்திருந்தார். வாசலுக்கு உள்ளே வந்து, குனிந்து சப்பாத்தைக் கழற்றி, வழக்கம்போல வாசலுக்கு முகம் பார்க்க வைத்தார். பிறகு நிமிர்ந்து சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். பகிடி விடுகிறாரோ என்று அவர் முகத்தைப் பார்த்தேன். இல்லை.

"அத்தை," என்றார், "இன்னிக்கு நான் எத்தனை மணி வரைக்கும் இருக்கலாம்?"